பாராட்டுக்கு எழுதிய வாக்குமூலம்

என்னை விசாரித்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று எட்டு நாட்கள் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அந்த நம்பிக்கையில் நான்கு பக்கத்துக்கு ஒரு வாக்குமூலமும் எழுதிவிட்டேன். அழகான கையெழுத்தில், ஓரத்தில் சிவப்புக் கோடு அடித்து, கேட்காதவர்களுக்குக் கேட்காததையெல்லாம் எழுதினேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி நிலையத்தில் எழுதுவினைஞன். கற்பிட்டி வீதியில், உப்பளத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு வாடகை மாடிவீடுதான் நிலையம். கீழே கந்தோர், மேலே வகுப்புகள். உப்புக்காற்றில் இரும்பு அலுமாரிகள் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். அங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர்: பொறுப்பாளர், அக்கா முறைக்கு ராத்தா என்று நாங்கள் கூப்பிட்ட கருமபீடப் பெண், நான். மூவருக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காது. பொறுப்பாளருக்கு என் கதிரையில் தன் சகோதரியின் மகனை உட்காரவைக்க ஆசை. ராத்தாவுக்கு என் மேசைக்கு மேலே சுழன்ற மின்விசிறியில் ஆசை. எனக்கு அவர்கள் இருவரும் ஒரே நாளில் லீவு போடவேண்டும் என்று ஆசை. மூன்றுமே அதுவரை நிறைவேறவில்லை.

பொறுப்பாளர் இந்தப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். நான் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பள்ளிக்கூடக் காற்சட்டையோடு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவன். அதற்குப் பிறகு இங்கேயே படித்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, மீசையில் நரையும் கண்டுவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை காலைகளில் பொறுப்பாளர் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து, அக்கறையான முகத்துடன் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இப்ப பாதையெல்லாம் திறந்துட்டாங்க தானே. ஊருக்குப் போற நோக்கம் ஒண்டும் இல்லயா?"

நீங்கள் ஓய்வுபெறும் மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் சேர், பிரியாவிடைக்குக் கைதட்ட ஒரு ஆளாவது வேண்டுமே என்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருக்கும்.

கந்தோரில் எனக்கென்று ஒரேயொரு மதிப்பு இருந்தது. எனக்குச் சிங்களம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு சிலாபம் மீன் சந்தையில் ஒரு கருவாட்டு முதலாளியிடம் மூன்று வருடம் பெட்டிக்கணக்கு எழுதினேன். அங்கே படித்த சிங்களம்தான் அது. மீன் பெயர் அத்தனையும் தெரியும். ஆளைத் திட்ட நாற்பது விதம் தெரியும். கந்தோர்ச் சிங்களம் வேறொரு பாஷை என்பதை நான் வெளியே சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வரும் கடிதங்களை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்த சொற்களுக்கு நடுவே தெரியாத சொற்களைத் தாண்டித் தாண்டி மொழிபெயர்ப்பேன். பொறுப்பாளருக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். ஆனால் அடுத்தவனுக்கு வாசித்துச் சொல்வது அவருடைய பதவிக்குப் பொருந்தாத வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை என் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். அடியில் மட்டும் ஒரு வரி தமிழ்: தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பிவைக்கப்படும். கொழும்பிலிருந்து எங்களுக்கு வந்த கடிதங்களில் எழுத்துப்பிழை இல்லாத ஒரே தமிழ் வரி அதுதான். எல்லாக் கடிதத்திலும் வரும்.

தலைப்பில் 'எகயீம' என்று இருந்தது. வருடம் ஒருமுறை பொறுப்பாளர் என்னைப் பிரித்து மேய்கிற படிவத்தின் தலைப்பிலும் அதே சொல்தான் இருக்கும். எகயீம என்றால் மதிப்பீடு. அதே சொல்லுக்குப் பாராட்டு என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை மீன் சந்தையில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே ஒருவரை ஒருவர் பாராட்டும் வழக்கம் கிடையாது.

மிச்சத்தையும் வாசித்தேன். என் பெயர் 'குறிப்பிடப்பட்டுள்ளது' என்று இருந்தது. சரி, யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மாணவர் விடயத்தில் 'கடமைக்கு அப்பால் சென்று' நான் செய்தவற்றை விளக்கவேண்டுமாம். சரி, அதிகார மீறல். கடைசியில் 'சாக்ஷி' என்ற சொல். அவர்கள் கேட்டது அத்தாட்சிப் பத்திரம். நானோ அதைச் சாட்சி என்று வாசித்து, கூண்டில் நிற்கும் என்னையும் எதிரே நிற்கும் ராத்தாவையும் ஒருசேரப் பார்த்துவிட்டேன். பதினான்கு நாள் தவணை. பொறுப்பாளரின் ஊடாக அனுப்பவேண்டும்.

கடமைக்கு அப்பால் நான் போனது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு நாள் தூரம், பின்பக்கமாக.

நான்கு வருடங்களுக்கு முன் விண்ணப்பம் ஏற்கும் கடைசி நாளில் கற்பிட்டிப் பக்கத்து பஸ் ஒன்று இடைவழியில் நின்றுபோனது. அதில் வந்தவர்கள் நடந்தும், கிடைத்த வாகனத்தில் தொற்றியும் வந்து சேர்ந்தபோது கந்தோர் பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போது படியில் ஏழு பேர் இருந்தார்கள். முதலாவதாக நின்றவள் ஆலங்குடாப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவன், அவள் ஊரில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். படிவத்தை நனையாமல் சொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். பொறுப்பாளருக்கு அன்று புத்தளத்தில் ஏதோ கூட்டம். ராத்தா வரவில்லை. நான் திகதிச் சீலின் சில்லை ஒரு பல் பின்னுக்குத் திருப்பி, முந்தின நாள் திகதியை ஏழு படிவத்திலும் குத்தினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"நானா, இதால பிரச்சின ஒண்டும் வராதா?"

"நேத்துன்னு ஒரு நாள் இருந்தது தானே தங்கச்சி. நான் புதுசா உண்டாக்கல்லயே."

அந்தப் பகிடிக்கு ஏழு பேரும் சிரித்தார்கள். ஆறு பேர் முதல் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. நான்கு வருடமும் பஸ்ஸில் வந்து போய், இரண்டாவது பிள்ளையைப் பெற்ற மாதத்திலும் பரீட்சை எழுதி, இப்போது இறுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை வரப்போகிறது, பெறுபேறு கையில் இருந்தால் போகலாம் என்று கந்தோருக்கு வரும்போதெல்லாம் சொல்வாள்.

கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போகப்போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். சிலாபத்தில் மீன் பெட்டி தூக்கலாம் தானே, பழக்கம் இருக்கிறதே என்றாள். பிள்ளைகளின் சட்டையை மடிப்பதை அவள் நிறுத்தவும் இல்லை. மறுநாள் முதல், வெளியே போகச் சொன்னால் மரியாதையாகப் போகவேண்டும் என்று பெருநாள் சேட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். மேசை லாச்சியிலிருந்த சீப்பு, தஸ்பீஹ் மணிமாலை, அரைப் பைக்கற் பிஸ்கட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கடத்தினேன். குளியலறையில் நின்று விசாரணைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகினேன். கேள்வியையும் நானே கேட்டதால் எல்லாமே சுலபமான கேள்விகள்.

மூன்றாம் நாள் ராத்தாவிடம் போய் நின்றேன். அவள் சீலில் மை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ட பேரக் குடுத்தது நீங்கதானே ராத்தா?"

"உங்கட பேர நான் வாயால சொல்லியே ஆறு மாசம்," என்றாள் நிமிராமல். "அத எழுதி வேற குடுப்பனா? மை வீண்."

ஒரு மின்விசிறிக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கிற ஆட்களை இன்றுதான் காண்கிறேன் என்றேன். என்ன விடயம் என்று அவளுக்கு ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் சண்டைக்கு விடயம் தேவைப்படாத ஆள் அவள். அகதி முகாமில் கொடுத்த அரிசியில் வளர்ந்த வாய்க்கு இவ்வளவு கொழுப்பா என்று கேட்டாள். உங்கள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் என் வாய் நோன்பு வாய் என்றேன். மேலே வகுப்பிலிருந்து இரண்டு மாணவர்கள் படியில் இறங்கி வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாணவர் வெற்றிக்கு நாங்கள் துணைநின்ற லட்சணம் அது.

அதன் பிறகுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. குர்ஆன் பள்ளியில் படித்த காலத்தில் லெப்பை கேட்கும் முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டால் பிரம்படி பாதியாகும். பல்கலைக்கழகமும் அப்படித்தான் இருக்கும் என்று தீர்மானித்தேன். நான்கு பக்கம் எழுதினேன். பஸ் நின்றது, கதவு பூட்டியது, சில்லு திரும்பியது எல்லாம் எழுதினேன். ஏழு பேரின் பதிவிலக்கங்களையும் பழைய பேரேட்டில் தேடியெடுத்து வரிசையாகப் போட்டேன். ஆலங்குடாப் பெண்ணின் இலக்கத்தை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஆறைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அந்த ஒன்றுக்காகவே பிடிப்பார்கள் என்று எனக்கு நானே சட்டம் பேசினேன். அவளுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். யோசித்துவிட்டு எழுதினேன். அடியில் கோடும் போட்டேன், இந்த ஒருவர் மட்டுமே தற்போது கற்கையைப் பூர்த்தி செய்துள்ளார் என்று ஒரு குறிப்போடு.

பொறுப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முதலில் கொழும்புக் கடிதத்தை வாசித்தார். பிறகு என் நான்கு பக்கத்தையும் வாசித்தார். பிறகு கொழும்புக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக விடிந்தது. அதை நான் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?"

"ஓம் சேர். ஒண்டும் மறைக்கல்ல."

"நல்லம். மறைக்கக் கூடாது."

ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வைத்தார். கடைசிப் பக்கத்தில் 'மேலதிக நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ராத்தாவைக் கூப்பிட்டு அடுத்த நாள் காலைப் பதிவுத் தபாலில் போடச் சொன்னார். எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். அந்த மனுஷன் எனக்குத் தேத்தண்ணி கொடுத்தது அந்த ஒரு நாள்தான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

எட்டாம் நாள் தமிழ்ப் பிரதி வந்தது. தபால் பையைப் பிரித்தவன் நான்தான். 'மாணவர் வெற்றிக்கு உறுதுணையாக நின்ற பணியாளர்களைப் பாராட்டி விருது வழங்கல்' என்று தலைப்பு. தாங்கள் முன்மொழியப்பட்டுள்ளதையிட்டு மகிழ்ச்சியடைகிறோம் என்று முதல் வரி. கீழே, என்னை முன்மொழிந்தவரின் கடிதத்தின் நகல். நோட்டுக் கொப்பித் தாளில், பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டுவதுபோல் உருட்டி உருட்டி எழுதிய தமிழ். ஆலங்குடாப் பெண்.

அதை நின்றுகொண்டே வாசித்தேன். பரீட்சைத் திகதி மாறியபோது நான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதை எழுதியிருந்தாள். அவள் வகுப்பில் இருக்கும்போது கைப்பிள்ளையை என் மேசைக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கவைத்ததை எழுதியிருந்தாள். ஆங்கிலப் படிவத்தை மூன்று தரம் பிழையாக நிரப்பியபோதும் நான் ஏசாமல் நாலாவது படிவம் கொடுத்ததை எழுதியிருந்தாள். சீலைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன்னை உள்ளே எடுத்ததே அந்தச் சீல்தான் என்று தெரிந்தும், எதை எழுதவேண்டும், எதை எழுதக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கவனமாக மூடிவைத்ததைத்தான் நான் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

புத்தளம் தபால் கந்தோருக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் த்ரீவீலில்தான், ஆனால் பாதி வழி எழுந்து நின்றபடி. பதிவுத் தபாலை மறிக்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: அது போய் நாலு நாள், போய்ச் சேர்ந்திராவிட்டால் அனுப்பியவர் எழுதிக் கேட்கலாம், அனுப்பியவர் நீங்களா? அனுப்பியவர் நான் இல்லை. உறையில் இருந்தது பொறுப்பாளரின் பெயர்.

திரும்பி வந்து அவருடைய அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். தமிழ்ப் பிரதியை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியும் தானே சேர், அது விருதுக் கடிதம்னு."

"கந்தோர்ல சிங்களம் வாசிக்கிற ஆள் நீங்கதானே," என்றார். "நான் உங்களுக்குப் படிச்சுத் தாறதா?"

எனக்காகக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் பெறுபேறு நின்றுவிடும், ஒரு வரி எழுதிக் கடிதத்தைத் திருப்பி எடுங்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் அந்த மனுஷனிடம் பகிடி கலக்காமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உண்மைய எழுதின ஒராள்ட கடிதத்த நான் ஏன் மறிக்க? சீல் உங்கட வாப்பாட சீலா? நான் இல்லாத நேரம் பாத்து திகதிய மாத்தின நீங்க. இப்ப நான் கள்ளன் மாதிரி தபாலுக்குப் பின்னால ஓடவா?"

நீங்கள் ஒரு நாளும் ஒரு மாணவனுக்காகவும் ஒரு அடி ஓடியதில்லை, இனியும் ஓடவேண்டாம் என்றேன். இன்னும் சில சொற்கள் சொன்னேன். அவை சிலாபத்தில் படித்தவை. அந்தச் சிங்களம் அவருக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. வெளியே வந்தபோது ராத்தா தன் கதிரையில் இருந்தபடியே சொன்னாள், நாலு நாளைக்கு முன் என்னிடம் ஒழுங்காகக் கதைத்திருந்தால் அந்தக் கடிதத்தை ஒரு கிழமை லாச்சியில் போட்டு வைத்திருப்பேனே என்று. உண்மையாகச் சொன்னாளா, நோகட்டும் என்று சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. நொந்தது.

விருதுக் குழு என் நான்கு பக்கத்தையும் விசாரணைப் பிரிவுக்கு மாற்றியது. பெறுபேறுகள் வெளியான அன்று அவளுடைய இலக்கத்துக்கு எதிரே கோடு மட்டும் இருந்தது. கொழும்புக்குத் தொலைபேசியில் பேசிக் காரணத்தைக் கேட்டறிந்துகொண்டு அடுத்த நாளே வந்தாள். புருஷன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டே இருந்தான். அவள் என் மேசைக்கு முன்னால் நின்றாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான் உங்களுக்கு என்ன செஞ்சன் நானா?"

நான் அந்தக் கடிதத்தின் கதையைத் தொடங்கினேன். எகயீம என்ற சொல், சாக்ஷி என்ற சொல், பெருநாள் சேட்டு. பயம் வந்தால் எனக்கு வாய் அப்படித்தான் ஓடும், எந்த இடம் என்று பார்க்காது. பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

"சிரிக்கிற கதை இல்ல நானா. நான் அதப் பத்தி ஒரு எழுத்து எழுதல்ல. உங்கள யாரும் கேக்கவும் இல்ல. நீங்களாப் போய் என்ட நம்பர எழுதிக் குடுத்திரிக்கிறீங்க."

நான் ஏதாவது செய்கிறேன் என்றேன். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

விசாரணைக்குக் கொழும்புக்குப் போனேன். பெருநாள் சேட்டை உடுக்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது, படிவத்தை முதல் நாளே தந்தாள், நான்தான் தொலைத்துவிட்டு அடுத்த நாள் தேடியெடுத்தேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். குளியலறையில் பழகிய பொய். அப்படியானால் இது என்ன என்று என் நான்கு பக்கத்தையும் எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கையெழுத்து அழகாக இருப்பதாகவும் சொன்னார். வேறு வழியில்லாமல் எகயீம என்ற சொல்லை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொன்னேன். விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அவளுடைய பதிவு செல்லுபடியாகுமா என்பதைப் பல்கலைக்கழகச் சபைதான் முடிவெடுக்கவேண்டும் என்றார்கள்.

சபை முடிவெடுக்கப் பதினொரு மாதம் ஆனது. பிழை கந்தோருடையது, மாணவியுடையதல்ல என்று எழுதி அவளுடைய பெறுபேற்றை விடுவித்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்து களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள். அந்த வருட விருது எங்கள் நிலையத்தில் பொறுப்பாளருக்குக் கிடைத்தது, முறைகேட்டை உரிய இடத்துக்கு அறிவித்ததற்காக. ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை அந்தப் பதினொரு மாதத்துக்குள் நடந்து முடிந்தது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது அவளுக்கு வயதெல்லை தாண்டியிருந்தது. அவள் ஆலங்குடாவில் அதே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.